மாணவர் ஒப்படைகளும் செயற்கை நுண்ணறிவும்: சந்தேகம் எழும்போது விரிவுரையாளர் செய்ய வேண்டியவை

2022 நவம்பர் 30ஆம் திகதி அமெரிக்காவின் ஓப்பன் ஏஐ நிறுவனம் சட்ஜிபிடி என்னும் உரையாடல் மென்பொருளைப் பொதுமக்களின் பாவனைக்கு விட்டதன் பின்னர், உலகெங்கிலுமுள்ள பல்கலைக்கழகங்களினதும் கல்லூரிகளினதும் விரிவுரையாளர்கள் முன்னர் சந்தித்திராத ஒரு கேள்வியைத் தவணைதோறும் எதிர்கொண்டு வருகின்றனர். மேசையில் இருக்கும் ஒப்படையை எழுதியது மாணவரா, இயந்திரமா என்பதே அக்கேள்வியாகும்.

இக்கேள்விக்குத் தவறான விடை கூறப்படும்போது ஏற்படும் இழப்பு சாதாரணமானதன்று. இயந்திரம் எழுதியதை மாணவர் எழுதியதாக ஏற்றுக்கொண்டால், இரவு பகலாக முயன்று தாமே எழுதிய ஏனைய மாணவர்களுக்கு அநீதி இழைக்கப்படுகின்றது. பட்டத்தின் பெறுமதியும் குறைகின்றது. மாணவர் தாமே எழுதியதை இயந்திரம் எழுதியதாகத் தீர்ப்பளித்தால், குற்றமற்ற ஒருவரின் வகுப்புச் சித்தியும் புலமைப்பரிசிலும் சில வேளைகளில் பட்டமுமே பறிபோகின்றன. வெளிநாடொன்றில் மாணவர் வீசாவில் தங்கியிருப்பவராயின் அவர் நாடு திரும்ப வேண்டிய நிலையும் ஏற்படலாம். முதலாவது தவறைப் பின்னர் திருத்த வாய்ப்புண்டு. இரண்டாவது தவறின் வடு ஒருவரின் வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடியது. எனவே சந்தேகம் எழும்போது ஒரு விரிவுரையாளர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது ஆராயப்பட வேண்டிய விடயமாகும்.

டெக்சாஸில் நடந்தது

எவ்வாறு நடந்துகொள்ளக் கூடாது என்பதற்கு 2023 மே மாதத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இடம்பெற்ற சம்பவமொன்று உதாரணமாகக் காட்டப்படுவதுண்டு. அப்போது டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் - கொமர்ஸ் என அழைக்கப்பட்ட நிறுவனத்தில் விவசாயம் சார்ந்த பாடமொன்றைக் கற்பித்த ஆசிரியர் ஒருவர், தமது மாணவர்கள் சமர்ப்பித்த கட்டுரைகளை சட்ஜிபிடியினுள் இட்டு, “இதனை எழுதியது நீயா?” என அம்மென்பொருளிடமே வினவினார். ஆம் என அது பதிலளித்தது. அதனை ஆதாரமாகக் கொண்டு வகுப்பு மாணவர்களின் புள்ளிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பட்டமளிப்புக் காலத்தில் இது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. பின்னர் பல்கலைக்கழகம் தலையிட்டு விசாரித்தபோது பலர் குற்றமற்றவர்களெனக் காணப்பட்டு அவர்களுக்குரிய புள்ளிகள் வழங்கப்பட்டன. மாணவர் ஒருவர் தாம் அம்மென்பொருளைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டதாகவும் பல்கலைக்கழகம் தெரிவித்தது.

இங்கு நிகழ்ந்த அடிப்படைப் பிழை யாது? சட்ஜிபிடி போன்ற மென்பொருள்கள் ஒரு சொல்லுக்குப் பின்னர் எந்தச் சொல் வரக்கூடும் என்பதைக் கணித்து வாக்கியங்களை உருவாக்குபவை. யாருக்கு எதனை எழுதிக்கொடுத்தோம் என்பதைப் பதிவேட்டில் பார்த்துச் சொல்லும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. “நீ எழுதினாயா?” என்று கேட்டால் பொருத்தமாகத் தோன்றும் ஒரு பதிலை அவை தரும், அப்பதில் சாட்சியம் ஆகாது. அதே வகுப்பில் ஒருவர் உண்மையாகவே அதனைப் பயன்படுத்தியிருந்தார் என்பதையும் மறந்துவிடலாகாது. ஆசிரியரின் சந்தேகம் முற்றிலும் ஆதாரமற்றதாக இருக்கவில்லை. அவர் கையாண்ட வழிமுறையே குற்றவாளியையும் நிரபராதியையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது.

கண்டறியும் மென்பொருள்களின் பலவீனம்

சட்ஜிபிடியிடமே கேட்பது தவறென்றால், இதற்கெனவே தயாரிக்கப்பட்ட கண்டறியும் மென்பொருள்களை நம்பலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. இவை பெரும்பாலும் இரண்டு விடயங்களை அளவிடுகின்றன. ஒன்று, அடுத்து வரும் சொல்லை எவ்வளவு இலகுவாக ஊகிக்க முடிகின்றது என்பது. மற்றையது, வாக்கியங்களின் நீளமும் அமைப்பும் எந்தளவுக்கு வேறுபடுகின்றன என்பது. இயந்திரம் எழுதும் நடை பொதுவாகச் சீரானது, ஊகிக்கத்தக்கது. மனிதர் எழுதும் நடை மேடு பள்ளமானது என்ற எடுகோளே இதன் அடிப்படையாகும். ஆகவே இம்மென்பொருள் தரும் சதவீதம் ஒரு நிகழ்தகவு மதிப்பீடு மாத்திரமேயாகும்.

கருத்துத் திருட்டைக் கண்டறியும் பழைய முறைக்கும் இதற்குமுள்ள வேறுபாட்டை விரிவுரையாளர்கள் தெளிவாக உணர வேண்டும். வேறொரு நூலிலிருந்தோ இணையத்தளத்திலிருந்தோ ஒரு பந்தி நகலெடுக்கப்பட்டிருந்தால், மூலத்தையும் நகலையும் அருகருகே வைத்து எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவின் விடயத்தில் ஒப்பிடுவதற்கு மூலம் இல்லை. ஓர் எண் மட்டுமே உண்டு. அந்த எண்ணை மாணவர் எவ்வாறு மறுதலிப்பது?

சட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி 31ஆம் திகதி இத்தகைய கண்டறியும் கருவியொன்றை வெளியிட்டது. இயந்திரம் எழுதிய ஆங்கிலப் பகுதிகளில் 26 சதவீதத்தை மாத்திரமே அது சரியாக இனங்கண்டது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியதாகத் தவறாகக் கூறியது. இவை அந்நிறுவனமே வெளியிட்ட கணக்குகளாகும். போதிய துல்லியம் இன்மையால் அதே ஆண்டு ஜூலை 20ஆம் திகதி அக்கருவி மீளப்பெறப்பட்டது.

பல்கலைக்கழகங்களில் பரவலாகப் பயன்படுத்தப்படும் டேர்னிட்டின் நிறுவனம் 2023 ஏப்ரல் 4ஆம் திகதி தனது கண்டறியும் வசதியை அறிமுகப்படுத்தியது. தவறான குற்றச்சாட்டுக்கான வாய்ப்பு 1 சதவீதத்திற்கும் குறைவானது என அந்நிறுவனம் கூறியது. எனினும் அமெரிக்காவின் வண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஓகஸ்டில் அவ்வசதியை நிறுத்திவிட்டது. 2022ஆம் ஆண்டில் தாம் டேர்னிட்டினுக்குச் சமர்ப்பித்த ஒப்படைகள் 75,000 என்றும், 1 சதவீதத் தவறு என்றாலும் ஏறக்குறைய 750 ஒப்படைகள் அநியாயமாகச் சந்தேகத்துக்குள்ளாகியிருக்கும் என்றும் அப்பல்கலைக்கழகம் சுட்டிக்காட்டியது.

இக்கணக்கை இன்னொரு வகையிலும் பார்க்கலாம். ஒரு பீடத்தில் 1,000 ஒப்படைகள் சமர்ப்பிக்கப்படுகின்றன எனக் கொள்வோம். அவற்றில் 20 மாத்திரமே இயந்திரத்தால் எழுதப்பட்டவை என்றும், மென்பொருள் அவற்றில் 85 சதவீதத்தைப் பிடிக்கின்றது என்றும் வைத்துக்கொள்வோம். 17 பேர் பிடிபடுவர். மீதி 980 பேரில் 1 சதவீதம், அதாவது சுமார் 10 பேர், குற்றமின்றியே பிடிபடுவர். ஆக விரிவுரையாளரின் முன் நிறுத்தப்படும் 27 பேரில் 10 பேர் நிரபராதிகள். 1 சதவீதம் என்று கேட்கும்போது மிகச் சிறியதாகத் தோன்றும் தவறு, விசாரணை மேசையை அடையும்போது மூன்றில் ஒரு பங்கிற்கும் அதிகமாகிவிடுகின்றது. மோசடி செய்வோர் குறைவாக உள்ள வகுப்பிலேயே இவ்வாபத்து அதிகம் என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாம் மொழியில் எழுதுவோர்

எமது மாணவர்களை நேரடியாகப் பாதிக்கக்கூடிய விடயமொன்றும் இதில் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதோர் டோஃபல் பரீட்சைக்காக எழுதிய 91 கட்டுரைகள் ஏழு கண்டறியும் மென்பொருள்களிடம் கொடுக்கப்பட்டன. அவை அனைத்தும் மனிதர் எழுதியவை. ஆயினும் சராசரியாக 61 சதவீதமானவை இயந்திரம் எழுதியவை எனக் கூறப்பட்டன. 18 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களுமே ஒருமித்துக் குற்றஞ்சாட்டின. 89 கட்டுரைகள் குறைந்தது ஒரு மென்பொருளிடமாவது சிக்கின. அமெரிக்கப் பாடசாலை மாணவர்கள் எழுதிய கட்டுரைகளிலோ இத்தகைய தவறு மிகக் குறைவாகவே இருந்தது.

காரணம் எளிதில் விளங்கக்கூடியது. இரண்டாம் மொழியில் எழுதுபவர் தமக்கு நிச்சயமாகத் தெரிந்த சொற்களையும் பாடசாலையில் பழகிய வாக்கிய அமைப்புகளையுமே கையாள்வார். பிழை நேர்ந்துவிடக் கூடாது என்ற அச்சமே அவரது நடையைச் சீரானதாகவும் ஊகிக்கத்தக்கதாகவும் ஆக்குகின்றது. இதனையே மென்பொருள் இயந்திரத்தின் அடையாளமாகக் கொள்கின்றது. அதே கட்டுரைகளின் சொல்வளத்தை சட்ஜிபிடியைக் கொண்டு மெருகூட்டிய பின்னர் சோதித்தபோது தவறான குற்றச்சாட்டு 12 சதவீதமளவிற்குக் குறைந்தது என்பது வேடிக்கையானதும் வேதனையானதுமான முடிவாகும். நேர்மையாக எழுதியவர் அகப்பட, இயந்திரத்தின் உதவியை நாடியவர் தப்பிக்கொள்கிறார்.

தமிழ் மொழிமூலம் உயர்தரம் வரை கற்றுவிட்டு மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் ஆகிய துறைகளை ஆங்கிலத்தில் கற்கும் தமிழ், முஸ்லிம் மாணவர்களும், பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கு உயர்கல்விக்காகச் செல்வோரும் இந்த வகையினுள்ளேயே அடங்குகின்றனர். கண்டறியும் மென்பொருளின் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கும் ஒரு நடைமுறை அவர்களுக்கே முதலில் பாதகமாக அமையும்.

சந்தேகம் எழுந்தவுடன்

விரிவுரையாளர் முதலில் திரும்பிப் பார்க்க வேண்டியது தாம் வழங்கிய அறிவுறுத்தல்களையே. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்தில் கூறப்பட்டிருந்ததா? முற்றாகவா, பகுதியளவிலா? மொழித் திருத்தத்திற்கும் மொழிபெயர்ப்பிற்கும் உதவும் மென்பொருள்கள் அனுமதிக்கப்பட்டிருந்தனவா? இவை தெளிவாகக் கூறப்படாதிருப்பின், விதியை மீறியதாக மாணவரைக் குற்றஞ்சாட்டுவதற்கு இடமில்லை. பக்கத்து விரிவுரை மண்டபத்தில் அனுமதிக்கப்படுவது இங்கே மறுக்கப்படுமாயின், அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவதாக, மாணவரின் ஒப்படையைப் பொதுப் பாவனையிலுள்ள மென்பொருள்களினுள் இடுவதைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும். அதன் பதில் நம்பத்தக்கதன்று என்பது ஒரு புறமிருக்க, அவ்வெழுத்து மாணவருக்குரியது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டிலிருந்தே மாணவர்களின் கல்விப் பதிவுகளைப் பாதுகாக்கும் சட்டம் உண்டு. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. மாணவரின் பெயரும் சுட்டெண்ணும் தாங்கிய ஆவணத்தை வெளியார் ஒருவரிடம் கையளிப்பதற்கு முன்னர் ஒருமுறை சிந்திக்க வேண்டும்.

மூன்றாவதாக, சந்தேகத்தை வகுப்பில் பகிரங்கப்படுத்தலாகாது. “உங்களில் சிலர் யார் என்பது எனக்குத் தெரியும்” என்ற பாணியிலான பொது எச்சரிக்கைகள் குற்றவாளியை எச்சரித்துவிடுவதோடு நிரபராதியையும் பதற்றமடையச் செய்கின்றன. சக விரிவுரையாளர் ஒருவருடனோ துறைத்தலைவருடனோ மாணவரின் பெயரைக் குறிப்பிடாது கலந்தாலோசிப்பது நன்று. தமக்கு ஐயம் தந்த பகுதி மற்றவருக்கும் ஐயம் தருகின்றதா என்பதை இதன்மூலம் அறியலாம்.

எது சான்று, எது சான்றன்று

நடை திடீரென மேம்பட்டிருப்பது ஒரு காரணமாகலாமே தவிரச் சான்றாகாது. ஒரு நண்பர் திருத்தியிருக்கலாம். மாணவர் உண்மையாகவே முன்னேறியும் இருக்கலாம். குறிப்பிட்ட சில சொற்களின் மிகுதி, புள்ளியிட்ட பட்டியல்கள், பந்திதோறும் ஒரே அளவு என்பனவும் இவ்வாறானவையே. தமிழில் எழுதப்பட்ட ஒப்படைகளில் ‘பரீட்சை’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘தேர்வு’ என்றும், ‘மாகாணம்’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘மாநிலம்’ என்றும் தமிழ்நாட்டு வழக்குகள் இடம்பெறுவதைக் கண்டு சிலர் ஐயுறுவதுண்டு. ஆனால் எமது மாணவர்கள் தமிழ்நாட்டு நூல்களையும் இணையத்தளங்களையும் நெடுங்காலமாகவே வாசித்து வருகின்றனர். எனவே இதுவும் கேள்வி கேட்பதற்கான காரணமாகுமே ஒழியத் தீர்ப்புக்கான ஆதாரமாகாது.

உறுதியான சான்றுகளும் இல்லாமலில்லை. அவற்றுள் முதன்மையானது இல்லாத மேற்கோள்களாகும். இவ்வகை மென்பொருள்கள் உண்மையான அறிஞர்களின் பெயர்களில் அவர்கள் எழுதாத கட்டுரைகளைக் கற்பித்துத் தருவதுண்டு. நியூயோர்க்கில் விமான நிறுவனமொன்றுக்கு எதிரான வழக்கில் சட்டத்தரணிகள் சட்ஜிபிடி உருவாக்கிய போலித் தீர்ப்புகளை மேற்கோள் காட்டிச் சமர்ப்பணம் செய்தமைக்காக 2023 ஜூனில் அவர்களுக்கு 5,000 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஒப்படையில் குறிப்பிடப்பட்ட நூல்கள், சஞ்சிகைகள், பக்க எண்கள் ஆகியவற்றை நூலகத்திலும் இணையத்திலும் சரிபார்ப்பது எந்த விரிவுரையாளராலும் செய்யக்கூடிய ஒன்றாகும். இங்கு கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இல்லாத நூலை மேற்கோள் காட்டுவது, அதனை யார் கற்பித்திருந்தாலும், தன்னளவிலேயே கல்வி நேர்மைக்கு முரணானது. இயந்திரம் எழுதியது என நிரூபிக்க வேண்டிய தேவையின்றியே அதற்குரிய நடவடிக்கையை மேற்கொள்ளலாம்.

மென்பொருளின் பதிலில் வந்த “ஒரு மொழி மாதிரி என்ற வகையில்” போன்ற சொற்றொடர்கள் நீக்கப்படாது எஞ்சியிருத்தல், வகுப்பில் கற்பிக்கப்படாத கோட்பாடுகள் விளக்கமின்றித் தோன்றுதல், கேட்கப்பட்ட வினாவுக்கு அண்மித்த வேறொரு வினாவுக்கு விடையளித்திருத்தல் என்பனவும் கவனத்திற் கொள்ளத்தக்கவை. மேற்பார்வையின் கீழ் அதே மாணவர் எழுதிய விடைத்தாளுடன் ஒப்பிடுவதும் பயன் தரும். மைக்ரோசொஃப்ட் வேர்ட், கூகுள் டொக்ஸ் முதலியவற்றில் ஓர் ஆவணம் கட்டங்கட்டமாக எவ்வாறு உருவாயிற்று என்பதைக் காட்டும் பதிப்பு வரலாறு சேமிக்கப்பட வாய்ப்புண்டு. நேர்மையான மாணவருக்குத் தமது உழைப்பை நிரூபிக்க இதுவே சிறந்த துணையாகும். கையால் எழுதிய குறிப்புகளும் அவ்வாறே. எனினும் எல்லோரிடமும் சொந்தக் கணினி இல்லை என்பதையும், கையடக்கத் தொலைபேசியில் தட்டச்சு செய்தோ பிறரின் கணினியில் எழுதியோ சமர்ப்பிப்போர் உள்ளனர் என்பதையும் மறக்கலாகாது. பதிப்பு வரலாறு இல்லாமை குற்றத்திற்கான சான்றாகாது.

மாணவருடன் பேசுதல்

சான்றுகளைத் திரட்டிய பின்னர் அடுத்த படி உரையாடலாகும். மாணவருக்கு எழுத்தில் அழைப்பு விடுத்து, எந்த ஒப்படையைப் பற்றிப் பேசவிருக்கின்றோம் என்பதையும் என்ன ஐயம் எழுந்துள்ளது என்பதையும் தெரிவித்து, குறிப்புகளையும் வரைவுகளையும் கொண்டுவர அவகாசம் அளிக்க வேண்டும். மறுதரப்பின் வாதத்தைக் கேளாது எவரையும் தண்டிக்கலாகாது என்பது இயற்கை நீதியின் அடிப்படை விதியாகும். நீதிமன்றத்துக்கு மட்டுமன்றி விரிவுரையாளரின் அறைக்கும் அவ்விதி பொருந்தும்.

“நீ இதனை எழுதவில்லை, அப்படித்தானே?” எனத் தொடங்கும் உரையாடல் அங்கேயே முடிந்துவிடுகின்றது. இத்தலைப்பை ஏன் தெரிவு செய்தீர்கள், மூன்றாம் பந்தியில் கூறும் கருத்தை உங்கள் சொற்களில் விளக்க முடியுமா, இந்த நூலை எங்கே பெற்றீர்கள், எழுதும்போது எதனை நீக்கினீர்கள் போன்ற கேள்விகளே பயனுள்ளவை. தாமே எழுதியவர் தடுமாறினாலும் ஏதோ ஓரிடத்தில் தமது உழைப்பின் தடயத்தைக் காட்டிவிடுவார். எழுதாதவருக்குத் தலைப்பே அந்நியமாக இருக்கும். மென்பொருளை எந்தளவுக்குப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் நேரடியாகவும் கனிவாகவும் கேட்கலாம். மொழித் திருத்தத்திற்கு மட்டும் பயன்படுத்தியதாக ஒருவர் கூறினால், அது உண்மையாகவும் விதிகளுக்கு உட்பட்டதாகவும் இருக்க வாய்ப்புண்டு.

எமது சூழலுக்குரிய ஓர் எச்சரிக்கையை இங்கு சேர்த்துக்கொள்வது அவசியமாகும். ஆசிரியர் முன்னிலையில் எதிர்த்துப் பேசாதிருப்பதை மரியாதையாகக் கற்றுக்கொண்ட மாணவர்கள் எம்மிடையே பலர். பதற்றத்தினால் வாய் மூடி நிற்பதும், கண்ணீர் விடுவதும், “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று கூறிவிடுவதும் குற்ற ஒப்புதல் ஆகிவிடா. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒப்படையாயினும் அதனைப் பற்றித் தமிழில் விளக்க இடமளித்தால் உண்மை விரைவில் வெளிப்படும். உரையாடலின்போது இன்னொரு விரிவுரையாளரும், மாணவர் விரும்பினால் அவரது நண்பர் ஒருவரும் உடனிருப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பாகும். பேசப்பட்டவை அன்றே குறிப்பாக எழுதி வைக்கப்படுதல் வேண்டும்.

தீர்மானமும் தண்டனையும்

உரையாடலின் முடிவில் மூன்று நிலைமைகளில் ஒன்று தோன்றும். ஐயம் நீங்கிவிட்டால் அதனை மாணவரிடம் தெளிவாகக் கூறி விடயத்தை அத்துடன் முடித்துவிட வேண்டும். அரைகுறை மௌனம் அவரைத் தொடர்ந்தும் சந்தேக நபராகவே வைத்திருக்கும். ஐயம் நீங்கவில்லை, ஆனால் சான்றும் போதாது என்றால், ஒப்படையை அதன் தகுதிக்கேற்ப மதிப்பிட வேண்டும். மேலோட்டமான வாதம், பொருத்தமற்ற உதாரணம், சரிபார்க்கப்படாத தகவல் ஆகியவற்றுக்கு வழமையான முறையில் புள்ளிகள் குறைவதில் தவறில்லை. ஆனால் சந்தேகத்திற்காக இரகசியமாகப் புள்ளிகளைக் குறைப்பது விசாரணையற்ற தண்டனையாகும். சான்று வலுவானதாகவோ மாணவர் ஒப்புக்கொண்டோ இருந்தால், தாமே தண்டனையைத் தீர்மானிக்காது நிறுவனத்தின் விதிமுறைகளின்படி உரிய குழுவிடம் பாரப்படுத்துவதே முறையாகும். அப்போதுதான் ஒரே தவறுக்கு ஒரு வகுப்பில் எச்சரிக்கையும் இன்னொரு வகுப்பில் இடைநிறுத்தமும் என்ற நிலை தவிர்க்கப்படும்.

நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டும் நிறுவனத்தையே சாரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாணவர் முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அலுவலகம் இக்கோட்பாட்டை வலியுறுத்துகின்றது. “நீ எழுதினாய் என்பதை நீயே நிரூபி” எனக் கேட்பது இக்கோட்பாட்டைத் தலைகீழாக்குவதாகும். முதலாம் ஆண்டு மாணவரின் முதலாவது தவறையும் இறுதியாண்டு ஆய்வை முழுமையாக இயந்திரத்திடம் ஒப்படைத்தவரின் தவறையும் ஒரே அளவுகோலால் அளப்பதும் நியாயமன்று. முன்னையவருக்கு மேற்பார்வையின் கீழ் மீண்டும் எழுதும் வாய்ப்பே பல வேளைகளில் சிறந்த பாடமாக அமையும்.

இத்தகைய நிதானம் மோசடிக்காரருக்குச் சாதகமாகிவிடாதா என வினவுவோர் உண்டு. அவ்வினா நியாயமானதே. பிரித்தானியாவின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், கற்பனை மாணவர்களின் பெயரில் இயந்திரம் எழுதிய விடைகள் மேற்பார்வையற்ற இணையவழிப் பரீட்சைகளுக்குச் சமர்ப்பிக்கப்பட்டன. அவற்றில் 94 சதவீதமானவை பரீட்சகர்களால் கண்டுபிடிக்கப்படவில்லை. சராசரியாக உண்மையான மாணவர்களை விட உயர்ந்த புள்ளிகளையும் அவை பெற்றன. சிலர் தப்பிவிடுகின்றனர் என்பது உண்மை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் உணர்த்துகின்றது. விரிவுரையாளரின் கண்ணும் மென்பொருளைப் போலவே ஏமாறக்கூடியது. கண்டுபிடிப்பதில் இவ்வளவு பலவீனமான நிலையில், தண்டனையைக் கடுமையாக்குவது அகப்பட்ட ஒரு சிலர் மீது மட்டும் முழுப் பாரத்தையும் சுமத்துவதாகவே முடியும். ஆகவே தீர்வு மதிப்பீட்டு முறையிலேயே தேடப்பட வேண்டும்.

ஒப்படைகளை மாற்றியமைத்தல்

அவுஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீடுகளை இரண்டு பாதைகளாகப் பிரிக்கும் முறையொன்றைக் கைக்கொள்கின்றது. முதலாவது பாதையில் மாணவரின் சொந்த ஆற்றலை நேரடியாகச் சோதிக்கும், மேற்பார்வையுடன் கூடிய பரீட்சைகளும் வாய்மொழிப் பரீட்சைகளும் செய்முறைகளும் அடங்கும். இரண்டாவது பாதையில் செயற்கை நுண்ணறிவின் பயன்பாடு அனுமதிக்கப்பட்டு, அதனைப் பொறுப்புடன் கையாளக் கற்பிக்கப்படுகின்றது. மேற்பார்வையின்றி வீட்டில் எழுதப்படும் ஒப்படையில் மென்பொருளை முற்றாகத் தடுக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டே இம்முறை வகுக்கப்பட்டுள்ளது.

பெரும் செலவின்றியும் சில மாற்றங்களைச் செய்யலாம். ஒப்படையைத் தலைப்பு, குறிப்பு, முதல் வரைவு, இறுதி வடிவம் எனப் படிமுறைகளாகப் பெறலாம். தமது கிராமத்தின் நீர்ப்பாசனக் குளம், தமது பட்டினத்தின் சந்தை, தாம் மேற்கொண்ட நேர்காணல் என்றவாறு மாணவர் நேரில் சென்று திரட்ட வேண்டிய தகவல்களை வேண்டி நிற்கும் வினாக்களை அமைக்கலாம். ஒப்படையைச் சமர்ப்பித்த பின்னர் வகுப்பிலேயே அரைப் பக்கத்தில் அதன் சாரத்தை எழுதச் சொல்லலாம். இருநூறு பேர் கொண்ட வகுப்பில் அனைவரிடமும் வாய்மொழியாக வினவுவது இயலாத காரியமாகும். எனினும் குலுக்கல் முறையில் இருபது பேரைத் தெரிவு செய்யலாம். எவர் தெரிவாவார் என்பது முன்கூட்டித் தெரியாதிருப்பதே போதிய கட்டுப்பாடாக அமையும். குலுக்கலாதலால் எவரும் தாம் சந்தேகிக்கப்பட்டதாகவும் உணர மாட்டார்கள்.

இவை யாவும் விரிவுரையாளரின் தனி முயற்சியால் மட்டும் நடைபெறக்கூடியவை அல்ல. எவை அனுமதிக்கப்படும், எவை தடுக்கப்படும், முறைப்பாடு எவ்வாறு விசாரிக்கப்படும், மேன்முறையீடு யாரிடம் செய்யப்படும் என்பவற்றைப் பல்கலைக்கழக மூதவைகளும் கல்லூரி நிர்வாகங்களும் எழுத்தில் வகுத்து மும்மொழிகளிலும் மாணவர்களுக்கு வழங்க வேண்டும். யுனெஸ்கோ நிறுவனம் 2023 செப்டெம்பரில் கல்வியில் ஆக்கச் செயற்கை நுண்ணறிவு தொடர்பான வழிகாட்டலை வெளியிட்டது. பிரித்தானியாவின் 24 முன்னணிப் பல்கலைக்கழகங்களைக் கொண்ட ரசல் குழுமமும் அதே ஆண்டில் பொதுவான கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. இவற்றை முன்மாதிரிகளாகக் கொண்டு எமது சூழலுக்கேற்ற விதிகளை ஆக்குவது கடினமானதன்று.

ஒரு கூற்று எங்கிருந்து வந்தது எனக் கேட்பது எமது இரு சமூகங்களின் அறிவு மரபிலும் ஆழ வேரூன்றிய பண்பாகும். நபிமொழிக் கலையில் ஒரு செய்தியை ஏற்பதற்கு முன்னர் அதன் அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொருவராக ஆராயும் முறை வளர்ந்தது. யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை ஏட்டுச் சுவடிகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கியே 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தார். அங்கெல்லாம் ஐயம் என்பது பொறுமையான தேடலின் தொடக்கமாக இருந்தது. அதே பொறுமை தமது மாணவரைப் பற்றிய ஐயத்திலும் விரிவுரையாளருக்கு வேண்டும். நாளை ஒரு மாணவர் தமது ஒப்படையுடன் அழைக்கப்படும்போது, தாம் கேட்கப்படுவோம், செவிமடுக்கப்படுவோம் என்ற நம்பிக்கையுடன் அவர் அந்த அறைக்குள் நுழையக்கூடியதான விதிகளை வகுப்பது எமது உயர்கல்வி நிறுவனங்களின் உடனடிக் கடமையாகும்.